பழைய ரேஸ் சைக்கிளும் உங்கள் கால் நீளமும்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் கையோலே என்றொரு சிற்றூர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வெள்ளைச் சரளைச் சாலைகளில் 1997 முதல் அங்கே ‘எரோய்கா’ என்ற சைக்கிள் ஓட்டம் நடந்துவருகிறது. ஓட்டுபவரைவிட வண்டிக்குத்தான் கெடுபிடி அதிகம். 1987-க்குப் பிறகு தயாரான ரேஸ் சைக்கிள் பொதுவாகச் செல்லாது. கியர் மாற்றும் நெம்புகோல் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்குள் ஒளியாமல் வெளியே வளைந்து தெரிய வேண்டும். பெடலில் காலைக் கட்ட வார் இருக்க வேண்டும்.

ஏன் 1987? அதையொட்டிய சில ஆண்டுகளில் ரேஸ் சைக்கிளின் உடம்பே மாறிப்போனது. 1984-இல் ஷிமானோ நிறுவனம் ‘கிளிக்’ சத்தத்தோடு சரியான பல்லில் போய் நிற்கும் கியரைக் கொண்டுவந்தது. 1985-இல் பெர்னார் இனோ, வார் இல்லாமல் காலணியைப் பூட்டிக்கொள்ளும் புதுவகைப் பெடலோடு டூர் டி ஃபிரான்ஸை வென்றார். 1990-இல் கியர் நெம்புகோல் பிரேக் பிடிக்குள்ளேயே போய்விட்டது. அலுமினியமும் கார்பனும் எஃகைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தன. ஆகவே ‘பழைய ரேஸ் சைக்கிள்’ என்றால் ஏறத்தாழ 1960-களிலிருந்து 1980-களின் கடைசிவரை வந்த, எஃகுக் குழாய்களைப் பித்தளையாலோ வெள்ளியாலோ பற்றவைத்துச் செய்த வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை இன்றும் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் தலைக்கேறியது. பிரான்சின் பியூஜோ, இங்கிலாந்தின் ராலி, இத்தாலியின் பியாங்கி, பிறகு ஜப்பானின் ஃபியூஜி, மியாட்டா என்று கப்பல் கப்பலாக இறக்குமதி ஆயின. வாங்கியவர்களில் பலர் ஒரு கோடைக்காலம் ஓட்டிவிட்டுக் கார் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்தார்கள். எஃகு மக்கிப்போகும் பொருளில்லை. அந்தக் கொட்டகைகள் இன்று காலிசெய்யப்படும்போது வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. லண்டனிலோ பாரிஸிலோ டொரன்டோவிலோ இருக்கும் வாசகர்கள் பழைய பொருள் சந்தைகளில் இவற்றைப் பார்த்திருப்பார்கள்.

பார்த்தவுடன் கண் போவது நிறத்துக்கும் பெயருக்கும். அங்கேதான் காசு வீணாகிறது. பழைய வண்டியில் வண்ணம், பெயர், பளபளப்பு எல்லாமே அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது சில சென்டிமீட்டர்களையும் மில்லிமீட்டர்களையும். அவற்றில் தலையாயது வண்டியிலேயே இல்லை. உங்கள் காலில் இருக்கிறது.

நம்மூரில் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று கேட்டு வாங்கிய காலம் நினைவிருக்கும். பெரியவர்களின் கறுப்புச் சைக்கிளில் அந்த எண் ஃபிரேமின் உயரம், அதாவது சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயின் நீளம். இன்று சிறுவர் சைக்கிள்களில் 20, 24 என்று சொல்வது சக்கரத்தின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். 24 இஞ்ச் ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 61 செ.மீ. கால் எட்டாத பையன்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டதன் கணக்கு இதுதான்.

ரேஸ் சைக்கிளுக்கும் அடிப்படை அளவு அதே சீட் குழாய்தான், ஆனால் கறாராகப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே, அதன் முதுகு மேலே இருக்க, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அதுதான் உள்கால் நீளம். பேன்ட் தைக்கும்போது தையல்காரர் எடுக்கும் அளவு இதைவிடச் சில செ.மீ. குறைவாகவே இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

உள்கால் நீளம் 78 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரும் அவரிடம் பயின்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமான்டும் பிரபலப்படுத்திய கணக்குப்படி இதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். விடை 68.9 செ.மீ. பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் அது. இதற்கு வெகுகாலம் முன்பே, 1967-இல், ஹாம்லி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு வழியில் இதைத் தேடினார்கள். பெடல் கீழே இருக்கும்போது பெடலிலிருந்து சீட்டுவரையான தூரம் உள்கால் நீளத்தில் 109 விழுக்காடு இருந்தால் குறுகிய நேரத்தில் அதிக சக்தி கிடைக்கிறது என்றார்கள். 78-க்கு அது 85 செ.மீ. வழக்கமான 17 செ.மீ. கிராங்க்கைக் கழித்தால் 68. இரண்டு கணக்கும் ஒரு செ.மீ.க்குள் வந்து நிற்கின்றன.

சீட் அதைவிடத் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, அதன் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு இடமும் வலமும் ஆடும். வலி முழங்காலின் பின்பக்கம் வரும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு இருந்தால் சரி என்பது இன்றைய வழக்கம்.

சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாமே, ஃபிரேம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். இன்றைய வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தும் கேள்வி அது. பழைய ரேஸ் சைக்கிளில் மேற்குழாய் தரைக்கு இணையாக ஓடும். சீட் குழாய் உயர்ந்தால் மேற்குழாயும் உயரும், ஹேண்டில்பாரும் உயரும். அதோடு அந்தக் காலத்து ஹேண்டில்பார் தண்டு சில செ.மீ.க்கு மேல் ஏறாது. அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டி இழுத்தால் ஆபத்து. ஆகவே ஃபிரேம் சிறிதானால் குனிந்தே சாக வேண்டும். பெரிதானால் நிறுத்தி இறங்கும்போது மேற்குழாய் எங்கே இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபிரேம் அளவுக்குக் கைக்கணக்கு: உள்கால் நீளத்தை 0.65-ஆல் பெருக்கினால் மையத்திலிருந்து மையம், 0.67-ஆல் பெருக்கினால் மையத்திலிருந்து மேல்விளிம்பு. நம் 78 செ.மீ. ஆளுக்கு முதலாவது 50.7, இரண்டாவது 52.3. இரண்டு எண்கள் எதற்கு என்றால், நாட்டுக்கு நாடு அளவெடுப்பு வேறு. இத்தாலியர்கள் பெரும்பாலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து மேற்குழாயின் மையம்வரை அளந்தார்கள். ஆங்கிலேயர்களும் ஜப்பானியர்களும் சீட் குழாயின் மேல்விளிம்புவரை. ஒரே ஃபிரேம் ஓரிடத்தில் 54, இன்னோரிடத்தில் 55.5. விற்பவர் ‘56’ என்று சொன்னால் எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போய்விடுங்கள்.

சரியான ஃபிரேமைக் கண்ணாலேயே கண்டுபிடிக்க அந்தக் காலத்தவர்கள் வைத்திருந்த சோதனை ஒன்று உண்டு. சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்த பிறகு, சீட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே தெரியும் கம்பியை ஒரு கைப்பிடி பிடிக்க முடிய வேண்டும். கணக்கும் அதையே சொல்கிறது. 68.9-லிருந்து 52.3 போனால் 16.6, சீட்டின் சொந்த உயரம் ஐந்தாறு செ.மீ.யைக் கழித்தால் மிச்சம் பத்துப் பதினோரு செ.மீ. சராசரிக் கைப்பிடி அவ்வளவுதான். இதே போல முழங்கையைச் சீட் நுனியில் வைத்தால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும் என்றும் ஒரு சோதனை சொல்வார்கள். முன்கை நீளத்துக்கும் முதுகு நீளத்துக்கும் அப்படியொன்றும் சம்பந்தம் கிடையாது, அதை விட்டுவிடலாம்.

மேற்குழாயின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. உடம்பை எவ்வளவு முன்னே நீட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. குள்ளமானவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஃபிரேம் சிறிதாகச் சிறிதாக மேற்குழாயும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்; ஆனால் முன்சக்கரத்தின் அளவு மாறுவதில்லை. மேற்குழாயைக் குறைத்தால் சக்கரம் திரும்பும்போது கால்விரலில் இடிக்கும். அதனால் தயாரிப்பாளர்கள் சிறிய ஃபிரேமிலும் மேற்குழாயை நீளமாகவே விட்டார்கள். உயரம் சரியாக இருந்தும் கை எட்டாத வண்டிகள் இப்படித்தான் பிறந்தன. பெண்கள் பலருக்குப் பழைய ரேஸ் சைக்கிள் தோள்வலியைத் தந்தது இதனால்தான். 1985-இல் அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கிய ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர், முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகச் சிறிதாக்கி, மேற்குழாயைக் குறைத்து இதைத் தீர்த்தார். அப்படியொரு வண்டி கண்ணில் பட்டால், முன்சக்கரம் சிறிதாக இருக்கிறதே, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அளவு பொருந்திவிட்டால் அடுத்தது குழாய். ‘ரெனால்ட்ஸ் 531’ என்ற ஒட்டுத்தாள் ஒட்டிய வண்டிக்கு விலை தனி. பர்மிங்ஹாமில் இருந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு அது. அந்த நிறுவனம் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இருந்தது, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலைக்கு முருகப்பா குழுமத்தோடு கைகோத்ததும் அதே குழுமம்தான். இத்தாலியில் இதற்குப் போட்டி மிலானின் கொலம்பஸ். ஜப்பானில் டாங்கே, இஷிவாட்டா.

இந்த எஃகு மற்ற எஃகைவிட விறைப்பானது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. வளைய மறுக்கும் குணத்தை அளக்கும் யங் குணகம் எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றே, 200 கிகாபாஸ்கல். ஜன்னல் கம்பிக்கும் அதே எண்தான், 531-க்கும் அதே எண்தான். வித்தியாசம் வலிமையில். 531 சாதாரண எஃகைவிட அதிக விசையைத் தாங்கிய பிறகே நிரந்தரமாக வளையும். அதனால் சுவரை மெலிதாக்கலாம், எடையைக் குறைக்கலாம். சுவர் மெலிந்ததும் விறைப்பும் குறைகிறது; உயர்தர ரேஸ் ஃபிரேம் மலிவு ஃபிரேமைவிட அதிகமாக நெளிந்து கொடுக்கும் என்பதுதான் இயற்பியல் சொல்லும் உண்மை.

மெலிதாக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குழாய்கள் சேரும் முனையில்தான் விசை அதிகம். பற்றவைக்கும் சூட்டில் எஃகு தளர்வதும் அங்கேதான். நடுவில் அவ்வளவு வேலையில்லை. அதனால் மூங்கில் கணு போல முனைகளைத் தடிமனாகவும் நடுப்பகுதியை மெலிதாகவும் இழுத்தார்கள். வெளிவிட்டம் முழுக்க ஒன்றே, வித்தியாசமெல்லாம் உள்ளே. இதற்கான காப்புரிமையை ரெனால்ட்ஸ் 1897-லேயே வாங்கிவிட்டது. கொலம்பஸின் புகழ்பெற்ற எஸ்.எல். வகையில் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ.

உள்ளே இருப்பதை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? ஒட்டுத்தாளை யாரும் புதிதாக அச்சடித்து ஒட்டலாம். சீட் கம்பி பொய் சொல்லாது. போல்ட்டைத் தளர்த்திக் கம்பியை உருவி வெளியே எடுங்கள். அடிப்பக்கத்தில் பெரும்பாலும் ஓர் எண் பொறித்திருக்கும்: 27.2, 26.8, 26.2, 25.4 என்று ஏதாவது. ஆங்கில, இத்தாலிய, ஜப்பானிய ஃபிரேம்களில் சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. அதிலிருந்து 27.2-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 0.7. கம்பி நுழைய விட்ட சிறு இடைவெளியும் இதில் அடக்கம், எனவே சுவர் 0.6 மி.மீ. அளவில் இருக்கும். கையில் இருப்பது உயர்தரக் குழாய். கம்பி 25.4 என்றால் சுவர் ஏறத்தாழ 1.5 மி.மீ.; ஒட்டுத்தாளில் என்ன எழுதியிருந்தாலும் அது சாதாரணக் குழாய். பிரெஞ்சு வண்டிகளில் வெளிவிட்டம் 28 மி.மீ. என்பதால் அங்கே 26.4 இருந்தாலே நல்ல குழாய். ஒரு வெர்னியர் காலிப்பர் பையில் இருந்தால் விற்பவரின் வாய்ச்சொல்லே தேவைப்படாது.

கம்பி வெளியே வரவில்லை என்றால்? பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டிய இடம் அது. கம்பி அலுமினியம், குழாய் எஃகு. நடுவில் வியர்வையின் உப்பும் மழைநீரும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் அலுமினியம்தான் அரிக்கப்படும். அரிப்பில் உண்டாகும் ஆக்சைடு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்பி உள்ளேயே இறுகிவிடும். சுத்தியல், சூடு, அம்மோனியா என்று பல வைத்தியங்கள் உண்டு. சில நேரம் பலிக்கும். பலிக்காதபோது கம்பியை அறுத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டியதுதான். சீட் உயரம் தற்செயலாக உங்களுக்குச் சரியாக இருந்தாலும், உருவ முடியாத கம்பியோடு வண்டி வாங்காதீர்கள்.

இனி விரலுக்கு வேலை. முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, ஹேண்டில்பார் தாங்கும் தலைக்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த மூட்டுக்குப் பின்னால் சில செ.மீ. தூரம்வரை கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரல்நுனியால் தடவுங்கள். பிறகு மேற்குழாயின் அடிப்பக்கத்தையும் அதே இடத்தில் தடவுங்கள். சின்ன மேடோ, சுருக்கமோ, கீற்றுக் கீற்றாய் வெடித்த வண்ணமோ தட்டுப்பட்டால் அந்த வண்டி எதிலோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. மோதலில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நெம்புகோலாக வேலை செய்து தலைக்குழாயைப் பின்னால் தள்ளும். தடித்த முனை தாங்கிக்கொள்ள, மெலியத் தொடங்கும் இடத்தில் குழாய் மடியும். கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். வெயில் சாய்வாக விழும்படி நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும்.

பின்பக்கத்துக்கு நூல் சோதனை. பின்சக்கரம் மாட்டும் பிளவிலிருந்து ஒரு நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்கள். இருபுறமும் நூலுக்கும் சீட் குழாய்க்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேம் கோணியிருக்கிறது. எஃகு என்பதால் தேர்ந்தவர் நிமிர்த்திவிடுவார். ஆனால் அந்தக் கூலியை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

சக்கரத்தில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. 1970-களில் ஆங்கிலேய, அமெரிக்கச் சந்தை வண்டிகளில் பெரும்பாலும் ‘27 அங்குலம்’; டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. ஐரோப்பியப் பந்தய வழக்கமும் இன்றைய உலக வழக்கமும் ‘700 சி’. அது 622 மி.மீ. நம்மூர்க் கறுப்புச் சைக்கிளின் 28 அங்குல டயர் 635 மி.மீ. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது, ஏறினாலும் நிற்காது. 27-ஐ எடுத்துவிட்டு 700 சி மாட்ட விரும்பினால் ஆரத்தில் 4 மி.மீ. குறையும். பிரேக் கட்டை அந்த 4 மி.மீ. கீழே இறங்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல வண்டிகளில் இருக்கும்.

ரிம்மில் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் குரோம் பூசிய எஃகு. மழையில் அந்த ரிம்மைப் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம்முக்கு மாற்றும் செலவைச் சேர்த்தே விலையைப் பாருங்கள். பின்சக்கரத்தின் அகலமும் காலத்துக்குக் காலம் மாறியது: ஐந்து பல்சக்கரத்துக்கு 120 மி.மீ., ஆறு, ஏழுக்கு 126, எட்டுக்கும் அதற்கு மேலும் 130. எஃகு ஃபிரேமை 126-லிருந்து 130-க்கு விரிப்பது, பக்கத்துக்கு இரண்டு மி.மீ. என்பதால், சாத்தியமான வேலை. கார்பன் ஃபிரேமில் இந்தப் பேச்சே கிடையாது.

அந்தக் காலத்து வண்டிகளில் என்னை அதிகம் ஈர்ப்பது மரை. பெடலில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், இடது பெடலுக்கு மட்டும் இடது மரை. காரணம் எளிதாகத் தோன்றும், ஆனால் எளிதாகத் தோன்றும் காரணம் தலைகீழானது. பால்ரஸ் உராய்வுதான் பெடலைக் கழற்றும் என்று நினைத்தால், மரை எதிர்த்திசையில் அல்லவா இருக்க வேண்டும்? உண்மையில் நடப்பது வேறு. மரைக்குள் அச்சு எவ்வளவு இறுகினாலும் மயிரிழை இடைவெளி இருக்கும். கிராங்க் சுற்றச் சுற்றக் காலின் அழுத்தம் அந்த அச்சைச் சுற்றிச் சுற்றி வந்து துளையின் சுவரில் உருட்டுகிறது. உருளும் அச்சு, அழுத்தம் சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல மெல்லத் திரும்புகிறது. கையை லேசாக மூடி, அதற்குள் ஒரு பென்சிலைச் செருகி, அதன் நுனியை வட்டமாகச் சுழற்றுங்கள். பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் சுற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். இந்த விசை உராய்வைவிடப் பன்மடங்கு பலமானது. அது பெடலை இறுக்கும்படி மரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிராங்க் அச்சைத் தாங்கும் கப்களுக்கும் இதே விதி. அங்கே பால்ரஸ் நடுவில் இருப்பதால் திசை தலைகீழாகிறது. செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை தேவை. ஆங்கிலேயர்கள் அப்படித்தான் செய்தார்கள்: விட்டம் 1.370 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கம் இடது மரை. இத்தாலியர்கள் 36 மி.மீ. விட்டமும், மி.மீ.யோடு ஏன் சேர்த்தார்களோ, அங்குலத்துக்கு 24 மரையும் வைத்து, இரண்டு பக்கமும் வலது மரையே போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை, இவர்களும் இரண்டு பக்கமும் வலது. விளைவு, இத்தாலிய, பிரெஞ்சு வண்டிகளில் வலது கப் ஓட ஓடத் தளரும். அழகில் இந்த இரு நாட்டு வண்டிகளை மிஞ்ச முடியாது; கப்பை இறுக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

பிரெஞ்சு வண்டியின் கதை அதோடு முடியவில்லை. ஹேண்டில்பார் தண்டு உலகமெங்கும் 22.2 மி.மீ. என்றால் அங்கே 22.0. ஸ்ட்ராங்லைட் நிறுவனத்தின் கிராங்க்கைக் கழற்ற வேண்டுமென்றால் வழக்கமான 22 மி.மீ. கருவி சேராது, 23.35 வேண்டும். தெரியாமல் திருகினால் அலுமினிய மரை போய்விடும், பிறகு கிராங்க்கே போய்விடும். பியூஜோவின் பி.எக்ஸ்.-10 ரெனால்ட்ஸ் 531-இல் செய்த அருமையான வண்டி. ஆனால் முதல் பழைய வண்டியாக அதை வாங்குபவர், ஓட்டும் நேரத்தைவிடப் பொருள் தேடும் நேரமே அதிகம் என்று தெரிந்து வாங்கட்டும்.

எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இன்னொரு வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மன் பொறியாளர் அவுகுஸ்ட் வோலர், உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்று காட்டினார். ஒரு முறை தாங்கும் விசையையே லட்சம் முறை கொடுத்தால் உலோகம் முறிகிறது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. விசை அதற்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. ஒவ்வொரு அசைவும் கணக்கில் ஏறுகிறது. ஆகவே நாற்பது ஆண்டு எஃகு ஃபிரேமைத் துருவும் மோதலும் இல்லையென்றால் நம்பலாம். நாற்பது ஆண்டு அலுமினிய ஹேண்டில்பாரையும் அதன் தண்டையும் நம்பக் கூடாது. கம்பன்யோலோ நிறுவனத்தின் அழகான பழைய கிராங்க்கில் கைகள் பிரியும் மூலைகளைத் துடைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே மயிரிழை விரிசல் விழுவது ஊரறிந்த விஷயம்.

செயினை அடிக்கோலால் அளக்கலாம். ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். வயதைக் கண்டுபிடிக்க உதிரிப்பாகங்களில் தேடுங்கள். ஷிமானோ பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும்: முதலெழுத்து ஆண்டு, ‘ஏ’ என்றால் 1976; இரண்டாவது மாதம். ‘எச் சி’ என்றால் 1983 மார்ச். அது அந்தப் பாகத்தின் பிறந்த மாதம்தான், ஃபிரேமுடையது என்று உறுதியில்லை. யாராவது இடையில் மாற்றியிருக்கலாம்.

முதன்முதலாகப் பழைய ரேஸ் சைக்கிள் வாங்குபவருக்கு என் தேர்வு 1980-களின் நடுப்பகுதியில் வந்த ஜப்பானிய வண்டி. மியாட்டா, ஃபியூஜி, பானசோனிக், எதுவானாலும் சரி. ஆங்கில மரை, 126 மி.மீ. பின்புறம், நேர்த்தியான பற்றவைப்பு, இன்றும் கிடைக்கும் உதிரிகள். இத்தாலியப் பெயர் இல்லாததால் விலையும் தணிவு. உங்கள் உள்கால் கணக்குக்கு ஒரு செ.மீ. முன்பின் இருந்தால் பாதகமில்லை, மூன்று செ.மீ. போனால் பெயர் எதுவானாலும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டயர், பிரேக் கட்டை, பிரேக் கேபிள் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். மாற்றும்வரை தெருமுனைக்குக்கூட ஓட்ட வேண்டாம்.